புது டூரிங் பைக்குக்கு இ.எம்.ஐ. போடறதுக்கு முன்னாடி: பழைய பைக்கை 20,000 ரூபாயில் லாங் ரைடுக்குத் தயார் பண்றது எப்படி?



வேலைக்குச் சேர்ந்து ரெண்டு வருஷம் ஆச்சு. கையில 35,000 சம்பளம். ஆபீஸ்ல ஒருத்தர் வால்பாறை போயிட்டு வந்தார், இன்னொருத்தர் லடாக் போட்டோவை ஸ்டேட்டஸ்ல வெச்சுட்டார். நம்ம வீட்டு வாசல்ல நிக்கிறதோ பத்து வருஷப் பழைய 150 சி.சி. பைக். "இதுல எல்லாம் லாங் போக முடியாது, புதுசு ஒண்ணு எடுத்துடலாம்"னு தோணும். ஷோரூமுக்குப் போனா அரை மணி நேரத்துல லோன் அப்ரூவல் ஆயிடும்.

அந்த பேப்பர்ல கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ஒரு சின்ன கணக்கு பார்த்துடுவோம். 2 லட்சம் கடன், 10.5% வட்டி, 36 மாசம். இ.எம்.ஐ. சுமார் 6,500 ரூபாய். மூணு வருஷத்துல மொத்தம் 2,34,000 கட்டுவீங்க. இன்சூரன்ஸ், சர்வீஸ், ரைடிங் ஜாக்கெட் எல்லாம் தனி.

இதே 6,500-ல மூணு மாசத் தொகை, அதாவது சுமார் 20,000 ரூபாய் இருந்தா, நல்ல நிலைமையில இருக்கிற ஒரு பழைய பைக்கை ஒரு நாளைக்கு 300 கிலோமீட்டர் வலியில்லாம ஓடுற மாதிரி பண்ணிடலாம். ஆனா ஒரு நிபந்தனை. காசை எந்த வரிசையில செலவு பண்றோங்கிறதுதான் முக்கியம். அந்த வரிசையை நான் தப்பாப் பண்ணி மாட்டிக்கிட்டவன். அதனால முதல்ல என் கதையைச் சொல்லிடறேன்.

1,600 ரூபாயை மிச்சம் பிடிச்ச கதை

என்னோடது 2012 மாடல். 2022 தீபாவளிக்கு சென்னையில இருந்து தென்காசிக்கு பைக்லயே போறதுன்னு முடிவு பண்ணினேன். பின்னாடி என் தம்பி. போறதுக்கு முன்னாடி பைக்கை "ரெடி" பண்ணினேன். சத்தமான சைலன்சர் 4,500, எல்.இ.டி. ஃபாக் லேம்ப் 3,200, பெயின்ட்டும் ஸ்டிக்கரும் 2,800, கிராஷ் கார்டு 1,500. மொத்தம் 12,000 ரூபாய்.

மெக்கானிக் அண்ணன் அப்பவே சொன்னார்: "செயின் செட்டு போயிடுச்சு தம்பி, மாத்திட்டுப் போங்க." 1,600 ரூபாய். கையில இருந்த காசு தீர்ந்து போச்சு. "தீபாவளி முடிஞ்சு வந்து பார்த்துக்கலாம்ண்ணே"ன்னு சொல்லிட்டுக் கிளம்பிட்டேன்.

தீபாவளிக்கு முந்தின நாள் சாயங்காலம், தொழுதூர் தாண்டி செயின் அறுந்தது. அறுந்த செயின் சுருண்டு இன்ஜின் கேஸ்ல அடிச்சு விரிசல் விட்டு, ஆயில் ரோட்டுல கொட்டுது. பின் சக்கரம் ஒரு நொடி பூட்டிக்கிட்டு வண்டி ஆடினப்போ, பின்னாடி லாரி. டிரைவர் ஹாரன் அடிச்சு ஒதுங்கிப் போனதால நாங்க ரெண்டு பேரும் இன்னிக்கு இருக்கோம். தம்பியோட கை என் தோளைப் பிடிச்ச பிடியை இன்னமும் மறக்க முடியல.

பண்டிகை நாள், மெக்கானிக் கடை எல்லாம் பூட்டு. குட்டியானையில வண்டியை ஏத்தி பெரம்பலூர் கொண்டுபோய் நிறுத்த 3,500. அப்புறம் கேஸ் வேலைக்கு 6,500. ஆக 1,600 ரூபாயைத் தள்ளிப்போட்டதுக்கு 10,000 ரூபாய் அபராதம். பஸ் மாறி மாறி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தப்போ தீபாவளி மதியம். அம்மா விடியக்காலையில காய்ச்சின எண்ணெய் ஆறிப்போய் அப்படியே கிண்ணத்துல இருந்தது. அம்மா எதுவும் கேட்கல. அதுதான் ரொம்ப சங்கடமா இருந்தது.

அன்னிக்குப் போட்ட விதிதான் இது: முதல்ல உயிர், அடுத்தது உடம்பு, கடைசியில அழகு. முதல் ரெண்டும் முடியாம மூணாவதுக்கு ஒரு ரூபாய் கூடக் கிடையாது.

முதல் கட்டம்: உயிர் (12,000 ரூபாய்)

ஊருக்குத் திரும்பி வந்து நான் செஞ்ச வேலையோட பில் இது. ரவுண்டாப் போட்டிருக்கேன். உங்க வண்டிக்கும் ஊருக்கும் ஏத்த மாதிரி கூடும், குறையும்.

ரெண்டு டயர், ட்யூப், மாட்டுற கூலி: 4,200
செயின் ஸ்ப்ராக்கெட் செட்: 1,600
பிரேக் பேட், ஷூ, பிரேக் ஆயில்: 900
பால் ரேசர், ஃபோர்க் ஆயில், ஆயில் சீல்: 1,900
கிளட்ச், ஆக்சிலேட்டர் கேபிள்கள்: 500
பேட்டரி: 1,400
ஜெனரல் சர்வீஸ் (ஆயில், பிளக், ஏர் ஃபில்டர், டேப்பெட், கார்புரேட்டர்): 1,500

மெக்கானிக்கிட்ட போறதுக்கு முன்னாடி நீங்களே அரை மணி நேரத்துல செக் பண்ணிடலாம். எது வேணும், எது வேணாம்னு தெரிஞ்சுட்டுப் போனா பில் தானா குறையும்.

டயர்: பட்டன் தேய்ஞ்சிருக்கான்னு மட்டும் பார்க்காதீங்க. டயர் பக்கவாட்டுல நாலு இலக்க எண் இருக்கும். 2319-ன்னு இருந்தா 2019-ம் வருஷம் 23-வது வாரம் தயாரானதுன்னு அர்த்தம். வண்டி அதிகம் ஓடாம நிழல்லயே நின்னாலும் ரப்பர் இறுகி, மழை ரோட்டுல பிடிமானம் போயிடும். பக்கவாட்டுல மயிரிழை வெடிப்பு தெரிஞ்சா யோசிக்கவே வேணாம், மாத்திடுங்க. அகலமான டயர் போட்டா "கெத்து"ன்னு சொல்வாங்க. கம்பெனி சொன்ன சைஸே போதும். ரிம்முக்குப் பொருந்தாத அகலம் போட்டா வளைவுல வண்டி திரும்ப அடம் பிடிக்கும், மைலேஜும் குறையும்.

செயின்: பின் ஸ்ப்ராக்கெட்டுல, சக்கரத்துக்குப் பின்பக்கம் நடுவுல செயினைப் பிடிச்சு வெளியே இழுங்க. பல் பாதி தெரியற அளவுக்கு வந்தா ஆயுள் முடிஞ்சது. பல்லு கொக்கி மாதிரி வளைஞ்சிருந்தாலும் அதேதான். செயினை மட்டும் மாத்திட்டு ஸ்ப்ராக்கெட்டை விட்டுடாதீங்க. பழைய பல்லு புது செயினைச் சீக்கிரமே தின்னுடும். செட்டா மாத்தறதுதான் கடைசியில மலிவு. லாங் போறப்போ 500 கிலோமீட்டருக்கு ஒருதடவை துடைச்சு ஆயில் போடுங்க. சுத்தம் பண்ற முறையை நம்ம சேனல்ல தனி வீடியோவா காட்டியிருக்கேன்.

பால் ரேசர்: சென்டர் ஸ்டாண்ட் போட்டு முன் சக்கரத்தைத் தரையில படாம தூக்கி, ஹேண்டிலை மெதுவா இடம் வலம் திருப்புங்க. நடுவுல "டக்"குன்னு ஒரு இடத்துல போய் உட்கார்ந்தா ரேசர் போயிடுச்சு. ஹைவேயில வண்டி நேர்கோட்டுல நிக்காம அலையறதுக்கு முக்கியமான காரணம் இதுதான். அப்படியே பின் சக்கரத்தையும் பக்கவாட்டுல ஆட்டிப் பாருங்க. ஆட்டம் இருந்தா ஸ்விங் ஆர்ம் புஷ் அல்லது வீல் பேரிங்.

பிரேக் ஆயில்: இது காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சும். நாளாக ஆக கொதிநிலை குறைஞ்சு, மலை இறக்கத்துல தொடர்ந்து பிரேக் பிடிக்கும்போது லீவர் பஞ்சு மாதிரி ஆயிடும். கொல்லிமலையோட 70 கொண்டை ஊசி வளைவுகள்ல இறங்கும்போது இதைக் கத்துக்க வேணாம். ரெண்டு வருஷத்துக்கு ஒருதடவை மாத்துங்க.

கேபிள்: புது கிளட்ச் கேபிளைப் போட்டதும் பழசு இன்னும் நல்லா இருந்தா தூக்கிப் போடாதீங்க. புதுசு பக்கத்துலயே அதே வழியில ஓட்டி ரெண்டு முனையிலயும் டேப் சுத்தி வெச்சுடுங்க. நடுவழியில அறுந்தா பத்து நிமிஷ வேலை.

இன்ஜின் ஆயில்: கார் ஆயில் மிச்சம் இருக்குன்னு ஊத்திடாதீங்க. பெரும்பாலான பைக்குகள்ல கிளட்ச் அதே ஆயில்லதான் மூழ்கியிருக்கும். டப்பாவுல ஜாசோ எம்.ஏ. முத்திரை இருக்கான்னு பார்த்து, மேனுவல்ல சொன்ன கிரேடை வாங்குங்க. இல்லேன்னா கிளட்ச் வழுக்க ஆரம்பிக்கும்.

பெட்ரோல் ஹோஸ்: இப்போ பங்க்ல கிடைக்கிறது 20% எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய வண்டிகளோட ரப்பர் பாகங்கள் அதை மனசுல வெச்சுச் செய்யப்படல. டேங்க்ல இருந்து கார்புரேட்டருக்கு வர்ற ஹோஸ் விறைச்சிருந்தாலோ வெடிச்சிருந்தாலோ மாத்திடுங்க. சின்ன காசுதான். இன்ஜின் சூட்டு மேல பெட்ரோல் ஒழுகறது சின்ன விஷயம் இல்ல.

ரெண்டாம் கட்டம்: உடம்பு (8,000 ரூபாய்)

சீட் ஃபோம் மாத்த: 1,800
விண்ட் ஸ்கிரீன்: 900
ஹெட்லைட் ரிலே வயரிங், நல்ல பல்பு: 800
சாடில் பேக், அதுக்கான ஸ்டே: 3,500
மொபைல் ஹோல்டர், சார்ஜர்: 700
கிரிப், பார் எண்ட் வெயிட்: 300

இதுல ஒண்ணே ஒண்ணுதான் பண்ண முடியும்னா சீட்டைப் பண்ணுங்க. பழைய சீட்டோட ஃபோம் அமுங்கிப்போய், 80 கிலோமீட்டர் தாண்டினதும் அடியில இருக்கிற தகடு தெரிய ஆரம்பிக்கும். சீட் கடைக்காரர்கிட்ட போனா எல்லாரும் பண்ற தப்பு, "நல்லா சாஃப்டாப் போடுங்கண்ணே"ன்னு சொல்றது. கடையில உட்கார்ந்து பார்க்கும்போது மெத்தை மாதிரி இருக்கும். ஒரு மணி நேரத்துல அது அமுங்கி, பழைய கதைதான். கெட்டியான, அடர்த்தி கூடின ஃபோம் கேளுங்க. உட்கார்ற இடம் அகலமா, தட்டையா இருக்கணும். டேங்க் பக்கம் சரிவா இருந்தா ஒவ்வொரு பிரேக்குக்கும் முன்னாடி வழுக்கிப் போய் மொத்த எடையும் மணிக்கட்டுல விழும். தைக்கிறதுக்கு முன்னாடி ஒருதடவை வண்டியில உட்கார்ந்து, ரெண்டு காலும் தரையில நல்லா ஊனுதான்னு பாருங்க.

ஒரு காசு டிப்ஸ்: கம்பெனி சீட்டை அறுக்காதீங்க. சென்னையில இருக்கிறவங்க புதுப்பேட்டையில ஒரு பழைய சீட் வாங்கி அதுல வேலையைப் பண்ணுங்க. ஒரிஜினலை வீட்டுல பத்திரமா வெச்சா, நாளைக்கு வண்டியை விக்கும்போது திருப்பி மாட்டிக் கொடுக்கலாம்.

விண்ட் ஸ்கிரீன் நெஞ்சுல மோதற காத்தைக் குறைக்கும். நாள் முழுக்க ஓட்டறப்போ கழுத்து வலி குறையறது நல்லாவே தெரியும். ஆனா ரொம்பப் பெருசா வேணாம். ஆடி மாசக் காத்துல கயத்தாறு, முப்பந்தல் பக்கம் போனவங்களுக்குத் தெரியும், பக்கவாட்டுக் காத்து லேசான வண்டியைப் பாய்மரம் மாதிரி தள்ளும்.

ஹெட்லைட்டுக்கு அதிக வாட் பல்பு போட்டு ஹோல்டரை உருக்கிக்காதீங்க. பழைய வயர்ல மின்சாரம் பாதி வழியிலயே வீணாகுது. பேட்டரியில இருந்து ரிலே வெச்சு புது வயர் ஓட்டினா, அதே வாட் பல்பே பளிச்சுன்னு எரியும். சில பழைய மாடல்கள்ல ஹெட்லைட் பேட்டரியில ஓடாது, இன்ஜின் ஓடும்போது வர்ற கரண்ட்ல நேரடியா எரியும். அதுக்கு இந்த வேலை இப்படியே ஒத்து வராது. எலக்ட்ரீஷியன்கிட்ட முதல்ல இதைக் கேளுங்க. கூடவே இன்ஜினை ரேஸ் பண்ணி பேட்டரி முனையில வோல்ட் பார்க்கச் சொல்லுங்க. 13.5-ல இருந்து 14.5-க்குள்ள இருக்கணும். 15-ஐத் தாண்டினா ரெகுலேட்டர்ல கோளாறு. அது புது பேட்டரியையும் சேர்த்து சாகடிச்சுடும்.

லக்கேஜ் விஷயத்துல பலரும் கவனிக்காத ஒரு எண் இருக்கு. மேனுவல்ல மொத்த எடை வரம்புன்னு ஒண்ணு போட்டிருப்பாங்க. அதுல வண்டியோட எடையைக் கழிச்சா, ஏத்தக்கூடிய எடை வரும். பல 150 சி.சி. பைக்குகளுக்கு அது 130 கிலோவை ஒட்டித்தான் இருக்கும். 72 கிலோ நீங்க, 60 கிலோ நண்பர்னா அங்கேயே வரம்பு முடிஞ்சது. அதுக்கு மேல ரெண்டு பேருக்கும் மூணு நாள் துணி, டென்ட், ட்ரைபாட்னு ஏத்தினா பிரேக்கும் சஸ்பென்ஷனும் என்ன பண்ணும்? பில்லியன் இருந்தா ஆளுக்கு ஒரு சின்ன பையோட நிறுத்திக்கோங்க. எடையைப் பின்னாடி கேரியர்ல உயரமாக் கட்டாம, ரெண்டு பக்கமும் சமமா, தாழ்வா தொங்க விடுங்க. ஸ்டே இல்லாம சாடில் பேக் போட்டா, ஒரு பக்கம் சைலன்சர் சுடும், இன்னொரு பக்கம் சக்கரம் இழுக்கும்.

மூணாம் கட்டம்: அழகு (பட்ஜெட்: இப்போதைக்கு பூஜ்யம்)

இதுல காசோட சட்டமும் இருக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி, தயாரிப்பாளர் சொன்ன விவரத்துக்கு மாறா வண்டியோட அடிப்படை அமைப்பை மாத்தக் கூடாது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியிருக்கு. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாசம் வரை சிறையோ, ரெண்டுமோ கிடைக்கலாம். சீட் ஃபோம், பை, மொபைல் சார்ஜர் எல்லாம் பெரிய பிரச்சினை இல்ல. சைலன்சர், இன்ஜின், ஆர்.சி.யில இருக்கிற கலர் மாதிரியானதுல கை வைக்காதீங்க. என்னோட 4,500 ரூபாய் சைலன்சர் கடைசியில பழைய இரும்புக் கடைக்குத்தான் போச்சு.

அந்த 12,000 ரூபாயையும் முதல் கட்டத்தோட மொத்தத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. ரெண்டும் ஒரே தொகை. காசு இல்லாததால செயின் அறுகல. காசு வேற இடத்துக்குப் போனதால அறுந்தது.

காசை எங்கிருந்து எடுக்கறது?

கிரெடிட் கார்டு இ.எம்.ஐ. வேணாம். மாசம் 4,000 ஒதுக்கினா அஞ்சு மாசத்துல 20,000. முதல் மூணு மாசம் முதல் கட்டத்துக்கு, அடுத்த ரெண்டு மாசம் ரெண்டாம் கட்டத்துக்கு. முதல் கட்டம் முடியற வரைக்கும் லாங் ரைடு கிடையாது, அவ்வளவுதான்.

அதுக்கு அப்புறம்தான் நிறைய பேர் கோட்டை விடறாங்க. பெட்ரோலை மட்டும் டூர் செலவாப் பார்க்கிறோம். வண்டியும் தேயுது இல்லையா? என் கணக்கைப் பாருங்க.

டயர்: 4,200 ரூபாய், 20,000 கி.மீ. ஓடும்னு வெச்சா கிலோமீட்டருக்கு 21 காசு
செயின் செட்: 1,600 ரூபாய், 20,000 கி.மீ., 8 காசு
இன்ஜின் ஆயில்: 450 ரூபாய், 3,000 கி.மீ., 15 காசு
பிரேக்: 900 ரூபாய், 15,000 கி.மீ., 6 காசு

மொத்தம் கிலோமீட்டருக்கு 50 காசு. சென்னை - தென்காசி போயிட்டு வந்தா, அங்கங்கே சுத்தறதையும் சேர்த்து 1,300 கிலோமீட்டர்னு வெச்சுக்குவோம். 650 ரூபாய். வீட்டுக்கு வந்ததும் அந்த 650-ஐ தனி ஆர்.டி.யிலோ தனி சேவிங்ஸ் அக்கவுண்ட்லயோ போட்டுடுங்க. ஆபீஸ் போற கிலோமீட்டருக்கும் அதே 50 காசு. அடுத்த தடவை மெக்கானிக் "செட்டு போயிடுச்சு"ன்னு சொல்லும்போது காசு ரெடியா இருக்கும். "அப்புறம் பார்த்துக்கலாம்ண்ணே"ன்னு சொல்ல வேண்டிய அவசியமே வராது.

பேப்பர் வேலையையும் மறக்காதீங்க. ஆர்.சி. 15 வருஷத்துக்குத்தான். 2012 வண்டின்னா 2027-ல புதுப்பிக்கணும். தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸும் பொல்யூஷன் சர்டிபிகேட்டும் காலாவதி ஆகாம இருக்கணும். வண்டி பழசானா அதோட இன்சூரன்ஸ் மதிப்பு குறையும், ஓட்டற உங்க மதிப்பு குறையாது. 15 லட்சத்துக்கான ஓனர் டிரைவர் தனிநபர் விபத்துக் காப்பீடு உங்க பேர்ல இருக்கான்னு பாலிசியை எடுத்துப் பாருங்க.

ஹெல்மெட், ஜாக்கெட், கிளவுஸ் இதையெல்லாம் இந்த 20,000-ல நான் சேர்க்கல. அதுக்குத் தனியாச் சேமிச்சு நல்லதா வாங்குங்க. பைக்ல போட்ட காசு விக்கும்போது திரும்பி வராது. ஜாக்கெட் அடுத்த பைக்குக்கும் உங்க கூடவே வரும்.

எப்போ பழைய பைக்கை விட்டுடணும்?

பழசுதான் எப்பவும் லாபம்னு நான் சொல்லல. இன்ஜின் நீல நிறத்துல புகை விட்டு ஆயில் குடிக்குதுன்னா, ஃப்ரேம்ல துரு அரிச்சிருந்தா, உதிரி பாகம் கிடைக்கலன்னா, முதல் கட்டச் செலவே வண்டியோட மார்க்கெட் விலையில பாதியைத் தாண்டினா, நிறுத்திடுங்க. அந்தக் காசை டவுன் பேமென்ட்டுக்குச் சேருங்க.

இன்னொரு உண்மையும் இருக்கு. 125 சி.சி.க்கு மேல உள்ள எல்லா புது பைக்குக்கும் 2019 ஏப்ரல்ல இருந்து ஏ.பி.எஸ். கட்டாயம். நம்ம பழைய வண்டியில அது இல்ல, பின்னாடி மாட்டறதும் நடைமுறையில ஆகாத காரியம். அதனால பழைய பைக்ல போறவங்க வேகத்துல விட்டுக்கொடுத்தே ஆகணும். நான் 70-ஐத் தாண்டறது இல்ல, ராத்திரி ஓட்டறதும் இல்ல. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருதடவை டீ. டீ குடிச்சிட்டே செயினையும் டயரையும் ஒரு பார்வை. இதெல்லாம் ஒத்து வராது, தினமும் ஹைவேயில 100-ல தான் போவேன்னா, தாராளமா புது பைக் எடுங்க. ஆனா மூணு வருஷ இ.எம்.ஐ. உங்க சம்பளத்துக்கு அடங்குதான்னு பார்த்துட்டு எடுங்க.

இந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வீட்டுப்பாடம்

1. டயரோட நாலு இலக்க எண்ணைப் படிச்சு எழுதுங்க.
2. செயினைப் பின்பக்கம் இழுத்துப் பாருங்க.
3. ஹேண்டிலைத் தூக்கித் திருப்பி ரேசரைச் செக் பண்ணுங்க.
4. மேனுவல்ல எடை வரம்பைக் கண்டுபிடிங்க.
5. இன்சூரன்ஸ், ஆர்.சி. முடியற தேதியை போன்ல ரிமைண்டரா வைங்க.

வேலை எல்லாம் முடிஞ்சதும் நேரா கொடைக்கானல் கிளம்பிடாதீங்க. முதல்ல 100, 150 கிலோமீட்டர்ல ஒரு டெஸ்ட் ரைடு. சென்னைன்னா காஞ்சிபுரம் போயிட்டு வரலாம். அந்த லக்கேஜோடவே போங்க. திரும்பி வந்து எல்லா நட்டு போல்ட்டையும் ஒருதடவை டைட் பண்ணுங்க. சின்னச் சின்னப் பிரச்சினை எல்லாம் வீட்டுப் பக்கத்துலயே தெரிஞ்சுடும்.

2023 தீபாவளிக்கு அதே பைக்ல, அதே ரோட்ல, அதே தம்பியோட போனேன். இந்தத் தடவை ரெண்டு நாளாப் பிரிச்சு, திருச்சியில ராத்திரி தங்கி. தொழுதூர் தாண்டும்போது தம்பி பின்னாடி இருந்து தோளைத் தட்டி, "செயின் இருக்காண்ணா?"ன்னு கேட்டான். இருந்தது. விடியக்காலையில எண்ணெய் சூடு ஆறுறதுக்கு முன்னாடியே அம்மா எங்க ரெண்டு பேர் தலையிலயும் வெச்சு விட்டாங்க.

அடுத்த பதிவுல சந்திப்போம். அதுவரைக்கும் செயினுக்கு ஆயில் போடுங்க, கிலோமீட்டருக்கு 50 காசை எடுத்து வைங்க.